மெஷின் வாங்கியாச்சே, அப்புறம் என்ன?
வாசகர் கேள்வி – பதில்

மாற்றுத்திறன் மாணவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து படிக்கும் வகுப்பறைகளில் பயன்படும் உதவிக் கருவிகள் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் ஒரு மூலையில் இரண்டு வரி போட்டிருந்தோம். கடிதங்கள் குவிந்துவிட்டன. படித்துக்கொண்டே போனால் பாதிக் கடிதங்களில் ஒரே வாக்கியம் வேறு வேறு வாயிலிருந்து வருகிறது: "அதான் மெஷின் வாங்கியாச்சே." ஆசிரியர் சொல்கிறார், தலைமையாசிரியர் சொல்கிறார், சில வீடுகளில் அப்பாவே சொல்கிறார். இருபது வருடத்துக்கு மேல் சிறப்பாசிரியராக இருந்துவிட்டவள் நான், இந்த வாக்கியத்தோடு எனக்குப் பழைய பகை உண்டு. பதிலில் எங்காவது சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பலர் கேட்டுக்கொண்டபடி யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு. பிறவியிலேயே பார்வை இல்லை. போன் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானை அவளே அழகாகப் பயன்படுத்துகிறாள், பாடமெல்லாம் கேட்டே படித்துவிடுகிறாள். இனி பிரெயில் வகுப்பு தேவையில்லை, அந்த நேரத்தில் வேறு ஏதாவது படிக்கட்டும் என்கிறார்கள் பள்ளியில். விட்டுவிடலாமா மேடம்?

பதில்: விடாதீர்கள் அம்மா. இதற்கு மட்டும் யோசிக்கவே வேண்டாம்.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன் என்னிடம் வந்தான். படு கெட்டிக்காரன், ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வான். பிரெயிலை நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், அதன்பிறகு எல்லாமே காது வழியாகத்தான். கணினியில் அவனே தட்டச்சு செய்த கட்டுரை ஒன்றைக் கொடுத்தான், முதல் வரி "நான் தினமும் பல்லிக்கு நடந்து போவேன்." அடுத்த வரியில் பல்லியில் மனி அடித்தது. நான் சிரித்துவிட்டேன், சிரித்திருக்கக் கூடாது. தவறு அவனுடையதா என்ன? அந்தச் செயற்கைக் குரலில் லகரமும் ளகரமும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் விழுகின்றன, ணகர னகரமும் அப்படியே. அன்றைக்கு அவன் என்னிடம் கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "மிஸ், ல, ள, ழ மூணும் நெஜமாவே வேற வேற எழுத்தா?" எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்கிறான். ஒரு சொல்லையாவது விரலால் தொட்டுப் படித்து நாலு வருடம் ஆகியிருந்தது அவனுக்கு.

கேட்பதும் படிப்பதும் ஒன்றாகிவிடாது. கண் தெரிகிற பிள்ளைக்கு வானொலிப் பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, இனி எழுத்து வேண்டாம் என்று எந்தப் பள்ளியாவது சொல்லுமா? எழுத்துப்பிழை, சந்தி, நிறுத்தற்குறி, செய்யுளில் அடி எங்கே உடைகிறது, பின்னத்தில் கோடு எதுவரை போகிறது, இதெல்லாம் காதில் நிற்காது. விரலில் நிற்கும். லூயி பிரெயில் 1824இல், பதினைந்து வயதில், பண்ணின வேலையே அதுதான். அவருக்கு முன்னால் பார்பியே என்பவர் பன்னிரண்டு புள்ளியில் ஒரு முறை வைத்திருந்தார், ஆனால் ஒரு எழுத்தே விரல் நுனிக்குள் அடங்காது, தடவித் தடவிக் கூட்ட வேண்டும். இவர் ஆறு புள்ளியாகக் குறைத்தார், விரல் நகராமலே ஒரு எழுத்து பிடிபட்டுவிடும். ஆறு புள்ளியில் 63 வடிவம் கிடைக்கும், தமிழுக்கு அது தாராளம்.

போனை விட்டுவிடச் சொல்லவில்லை. கதைப் புத்தகம், நீண்ட வரலாற்றுப் பாடம் எல்லாம் காதில் ஓடட்டும், வேகமாக முடியும். மொழிப்பாடம், கணக்கு, புதுச் சொற்கள் மட்டும் விரலுக்கு வரட்டும். இரண்டையும் சேர்க்கிற கருவியும் இருக்கிறது, பிரெயில் திரை என்பார்கள். ஒரு வரிசையில் 20 அல்லது 40 கட்டம், ஒவ்வொன்றிலும் சின்ன ஊசிமுனைகள், போனில் இருக்கிற வரிக்கு ஏற்றபடி அவை மேலெழும்பும், படித்து முடித்துப் பொத்தானை அழுத்தினால் அடங்கி அடுத்த வரி எழும்பும். ப்ளூடூத் வழியாகப் போனோடு சேர்ந்துகொள்ளும். விலை அதிகம்தான். அது கிடைக்கிறவரை காகிதம், அதைப் பிடிக்கும் ஸ்லேட் என்ற துளைச் சட்டம், புள்ளி குத்தும் ஸ்டைலஸ் ஊசி போதும், அதை வைத்துப் படித்துத்தான் எத்தனையோ பேர் பட்டம் வாங்கினார்கள்.

கேள்வி: என் வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருப்பதால் பாடக்குறிப்புகளைப் பிடிஎஃப் ஆக்கி முதல் நாளே அனுப்பிவிடுகிறேன். ஆனாலும் "ஒன்றுமே வாசிக்கவில்லை சார்" என்கிறார். சில கோப்புகளில் ஏதோ ஆங்கில எழுத்தாகக் கத்துகிறதாம். என் கணினியில் நன்றாகத்தானே தெரிகிறது?

பதில்: முதல் நாளே அனுப்புகிறீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு சார். சிக்கல் "தெரிகிறது" என்பதில் இருக்கிறது. உங்கள் கண்ணுக்குத் தெரிவது வேறு, கோப்புக்குள் இருப்பது வேறு.

இப்படிச் சோதித்துப் பாருங்கள். அந்தப் பிடிஎஃபில் ஏதாவது ஒரு சொல்லை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டுங்கள். சொல்லைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம், யாரோ புத்தகத்தை ஸ்கேன் செய்திருக்கிறார்கள். திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள். தேர்ந்தெடுக்க முடிகிறது, ஆனால் ஒட்டினால் ஆங்கில எழுத்தாக வருகிறது என்றால் அது பழைய எழுத்துரு. பாமினி மாதிரி எழுத்துருக்களில் தமிழ் எழுத்தே கிடையாது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து உட்கார வைத்திருப்பார்கள். நீங்கள் பாமினியில் அடித்த "அம்மா" உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது. நமக்குக் கண் ஏமாந்துபோகிறது, திரைவாசிப்பான் உள்ளதை உள்ளபடி வாசிக்கிறது. பாவம், அந்தப் பையன் அரை மணி நேரம் "எம் கே அரைப்புள்ளி" கேட்டிருப்பார்.

பழைய எழுத்துருவை, தமிழ் எழுத்துக்கென்றே தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றியபின் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறி நிற்கும். இனி அடிப்பதை யூனிகோடிலேயே அடித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. ஸ்கேன் செய்த படங்களை எழுத்தாக மாற்ற ஓசிஆர் இருக்கிறது, டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் தமிழையும் படிக்கும். ஆனால் அச்சு மங்கலாக இருந்தால் ரகரத்தையும் துணைக்காலையும் குழப்பிக்கொள்ளும், எண்களில் தடுமாறும். வரலாற்றுப் பாடத்தில் ஆண்டு ஒன்று மாறிப்போனால் மாணவருக்கு எப்படித் தெரியும்? யாராவது ஒருவர் மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, பிடிஎஃப் எதற்கு? வேர்டு கோப்பையே அனுப்புங்கள். தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கி விடாமல், ஹெடிங் ஸ்டைல் என்று இருக்கிறதே, அதைக் கொடுங்கள். என்விடிஏ, ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்களில் ஒரே ஒரு விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். வெறுமனே தடித்த எழுத்தில் இருந்தால் தாவ முடியாது, இருபது பக்கத்தையும் முதலிலிருந்து கேட்டுத்தான் தேட வேண்டும். என்விடிஏ பற்றி ஒரு சின்னத் தகவல்: அது இலவசம், 2006இல் ஆரம்பித்தது, ஆரம்பித்த ஆஸ்திரேலியர்கள் இருவருமே பார்வையற்றவர்கள். பயன்படுத்துகிறவரே செய்ததால்தானோ என்னவோ, அதில் வீண் அலங்காரம் குறைவு.

படம் வந்தால் "படம் 3" என்று போட்டு நகர்ந்துவிடாதீர்கள், அந்தப் படத்தில் பாடம் எது என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். இதயத்தின் படமென்றால் நிறம் முக்கியமா, ரத்தம் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது என்பது முக்கியமா? கணக்குச் சமன்பாட்டைப் படமாக ஒட்டாமல் சமன்பாட்டு எடிட்டரில் அடியுங்கள்.

எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாதது ஒன்று பாக்கி இருக்கிறது, அது கரும்பலகைக்கு முன்னால் நின்று நாம் பேசுகிற பேச்சு. "இதை இந்தப் பக்கம் கொண்டுவந்து அதால் வகுத்தால் இது வருதா?" நானும் பல வருடம் இப்படித்தான் பேசினேன். எதை, எந்தப் பக்கம், எதால்? "ஒன்றை எக்ஸ் கூட்டல் இரண்டால் வகுக்க" என்று சொன்னால்கூட, வகுப்பது எக்ஸாலா, எக்ஸ் கூட்டல் இரண்டு முழுவதாலுமா என்று குழப்பம் வரும். "கீழே அடைப்புக்குள் எக்ஸ் கூட்டல் இரண்டு, அடைப்பு முடிந்தது" என்று சொல்லிப் பழகுங்கள். பின்வரிசையில் பலகை சரியாகத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்கும் சேர்த்தே உதவும்.

கேள்வி: டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் தடுமாற்றம், உள்ள பிள்ளைகளுக்கென்றே தனி எழுத்துரு இருக்கிறதாமே? வகுப்புக் கணினிகளில் எல்லாம் அதைப் போட்டுவிடலாமா?

பதில்: போட்டால் கெடுதல் இல்லை, ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அந்த எழுத்துருக்களால் வாசிப்பு மேம்படுகிறது என்று ஆய்வுகளில் உறுதியாக வரவில்லை. எழுத்துக்கு எழுத்து இடைவெளி, வரிக்கு வரி இடைவெளி, கொஞ்சம் பெரிய அளவு, இவைதான் பலருக்குக் கைகொடுக்கின்றன, அதற்கு எந்த எழுத்துருவிலும் வழியுண்டு. தவிர, அவை ரோமன் எழுத்துக்காக வரையப்பட்டவை. தமிழில் தடுமாற்றமே வேறு மாதிரி. "கா"வையும் "கர"வையும் பாருங்கள், காலும் ரகரமும் இரட்டைப் பிள்ளைகள். ணகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். "கெ" என்று உச்சரிக்கும்போது ககரம் முதலில் வாயில் வருகிறது, கண்ணில் கொம்புதான் முதலில் படுகிறது, "கொ"விலோ இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. இதற்கு எழுத்துரு என்ன செய்யும்? வாசித்துக்கொண்டே அந்தந்தச் சொல்லை நிறமிட்டுக் காட்டும் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், கண்ணும் காதும் ஒரே இடத்தில் நிற்கும். ஒரு வாரம் பார்த்துவிட்டு, பிள்ளையிடமே கேளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு காதிலும் கருவி. நல்ல கருவிதான், வீட்டில் ஒன்றுக்கு ஒன்று பேசினால் எல்லாம் புரிந்துகொள்கிறான். வகுப்பில் பாதி விட்டுப்போகிறது. டீச்சரிடம் சொன்னால் "மெஷின் போட்டிருக்கானே சார், கவனிக்க மாட்டேங்கிறான்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள்தான். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது, "ஒன்றுக்கு ஒன்று பேசினால்" என்கிறீர்களே.

கண்ணாடி போட்டால் எழுத்து தெளிவாகிவிடுகிறது, அதே கணக்கில் காதுக் கருவியையும் நினைத்துவிடுகிறார்கள். கருவி சத்தத்தைப் பெரிதாக்கும். டீச்சர் குரலையும் பெரிதாக்கும், மின்விசிறியையும், நாற்காலி இழுப்பதையும், பின்னால் இருவர் குசுகுசுப்பதையும் சேர்த்தே பெரிதாக்கும். இப்போதைய கருவிகள் இரைச்சலை ஓரளவு குறைக்கின்றன என்பது உண்மை, ஆனால் பேசுகிறவர் ஓரிரு மீட்டருக்குள் இருந்தால்தான் அதற்கே வேலை. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் விழும். வகுப்பறையில் இதோடு எதிரொலி வேறு சேர்ந்து, சொல்லின் நுனியைத் தின்றுவிடும். அறுவை செய்து உட்செவிக்குள் பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட் வைத்த பிள்ளைக்கும் இதே பாடுதான். நலமான உட்செவியில் ஒலியை உணரும் சுமார் 15,000 மயிரணுக்கள் செய்கிற வேலையை அங்கே ஒரு டஜனிலிருந்து இருபத்திரண்டு வரையான மின்முனைகள் செய்கின்றன. அவ்வளவு தூரம் அது செய்வதே பெரிய விஷயம்.

இதற்கென்று உள்ளது ரிமோட் மைக், பழைய பேர் எஃப்எம் கருவி. டீச்சர் மோவாய்க்கு ஒரு சாண் கீழே சட்டையில் மாட்டிக்கொண்டால் குரல் நேராகப் பிள்ளையின் கருவிக்குள் போய்விடும், தூரமும் எதிரொலியும் நடுவில் இல்லை. மாட்டுகிறவர் பழக வேண்டியது சில உண்டு. அடையாள அட்டையோ சங்கிலியோ மைக்கில் உரசினால் பிள்ளைக்கு அது இடி. வேறொரு மாணவன் பதில் சொல்லும்போது மைக்கை அவனிடம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் சொன்னதை டீச்சர் ஒரு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். வெளியே போனால் அணைக்க வேண்டும். நான் ஒருமுறை மைக்கை அணைக்காமலே ஆசிரியர் அறைக்குப் போய் அப்போதைய மேலதிகாரியைப் பற்றி மனம்விட்டுப் பேசிவிட்டு வந்தேன். திரும்பி வந்தால் அந்தப் பிள்ளை மட்டும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

காலையில் ஒரு சின்னச் சோதனை செய்யச் சொல்லுங்கள், அரை நிமிடம்தான். டீச்சர் உதடு தெரியாதபடி ஒரு தாளால் மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஸ், ஷ் என்று ஆறு ஒலிகளைக் கலைத்துக் கலைத்துச் சொல்ல வேண்டும், பையன் திருப்பிச் சொல்ல வேண்டும். லிங் சோதனை என்று பேர். தடித்த ஒலியிலிருந்து மெல்லிய ஒலிவரை பேச்சுக்குத் தேவையான அத்தனையும் அந்த ஆறுக்குள் வந்துவிடும். நேற்றுவரை கேட்ட "ஸ்" இன்றைக்குக் கேட்கவில்லை என்றால் கருவியில் கோளாறு, பையன் மேல் பழி போட வேண்டாம். சின்னப் பிள்ளைகள் பேட்டரி செத்துப்போனதைக்கூடச் சொல்ல மாட்டார்கள், சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அந்த வட்டப் பேட்டரி துத்தநாகமும் காற்றும் சேர்ந்து வேலை செய்வது. ஸ்டிக்கரைப் பிய்த்ததும் மாட்டாமல் ஓரிரு நிமிடம் காற்றுப்பட விட்டு மாட்டினால் நன்றாக உழைக்கும். ஒருமுறை பிய்த்தபின் திரும்ப ஒட்டி வைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று பார்க்காதீர்கள், நடக்காது. பையில் ஒரு ஜோடி எப்போதும் இருக்கட்டும்.

டீச்சருக்கு இதையெல்லாம் எழுதிக் கொடுத்தால் படிக்க மாட்டார். கடைசி வரிசையில் அவரை உட்கார வைத்து, வேறொருவரைப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பாடம் படிக்கச் சொல்லுங்கள். காது நன்றாக இருக்கிற அவருக்கே எவ்வளவு விட்டுப்போகிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: என் பேரனுக்கு ஐந்து வயது, ஆட்டிசம், இன்னும் பேச்சு வரவில்லை. படத்தைத் தொட்டால் பேசுகிற டேப்லட் ஒன்றைப் பயிற்சியாளர் கொடுத்திருக்கிறார். அது பேசிவிட்டால் இவன் எதற்குப் பேசுவான்? சோம்பேறியாகிவிட மாட்டானா?

பதில்: அம்மா, இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் இல்லை, படித்த டாக்டர்களே சிலர் கேட்டிருக்கிறார்கள். ஆய்வுகள் பார்த்தவரை இதனால் பேச்சு நின்றுபோவதாகத் தெரியவில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடவே செய்கிறது. யோசித்துப் பாருங்கள், கத்தியும் கையைப் பிடித்து இழுத்தும் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, ஒரு சொல் சொன்னால் ஒரு காரியம் நடக்கும் என்பதே அப்போதுதான் புரிகிறது.

ஆனால் டேப்லட்டைக் கையில் கொடுத்துவிட்டு "என்ன வேணும், தொடு" என்று நின்றால் அவன் தொட மாட்டான். நீங்கள் தொட வேண்டும். "போகலாம்" என்று வாயால் சொல்லும்போதே "போ" என்ற படத்தையும் தொட்டுக் காட்டுங்கள், நாள் முழுக்க, மாதக்கணக்கில், பதில் எதிர்பார்க்காமல். பேசுகிற குழந்தையிடம்கூட ஒரு வருடம் நாம் மட்டும்தானே பேசிக்கொண்டிருந்தோம்?

எந்தெந்தச் சொல் முதலில் இருக்கிறது என்றும் பாருங்கள். பெரும்பாலும் பழம், பந்து, கார் என்று பெயர்களாக நிரப்பி வைத்திருப்பார்கள். வேணும், வேண்டாம், இன்னும், போதும், வா, நிறுத்து, உதவி, வலிக்குது, இதெல்லாம் முதல் பக்கத்திலேயே வர வேண்டும். முக்கியமாக "வேண்டாம்." அதைத் தொட்டால் நீங்கள் மதிக்கவும் வேண்டும், அதுதான் கஷ்டம். வீட்டில் பேசுகிற பேச்சிலேயே குரலைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், "எனக்கு உதவி தேவைப்படுகிறது" என்று ஐந்து வயதுப் பையன் எங்காவது சொல்வானா? படங்களின் இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள், அவன் விரல் இடத்தை வைத்துத்தான் சொல்லை ஞாபகம் வைக்கிறது. சேட்டை செய்தான் என்று டேப்லட்டைப் பிடுங்கி உயரத்தில் வைப்பது மட்டும் கூடவே கூடாது, அது அவன் வாயைக் கட்டுவது மாதிரி. முதல் பக்கத்தை ஒரு தாளில் அச்சடித்துப் பையில் வையுங்கள், சார்ஜ் இறங்கிப்போகிற அன்றைக்குத் தேவைப்படும்.

கேள்வி: என் மகள் வகுப்பில் கை சரியாக வராத ஒரு பையனுக்குத் தேர்வில் கணினி, கூடுதல் நேரம் எல்லாம் தருகிறார்கள். பாவம்தான், மறுக்கவில்லை. ஆனால் மற்றப் பிள்ளைகளுக்கு இது அநியாயம் இல்லையா?

பதில்: வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி, பலர் முதுகுக்குப் பின்னால் பேசுவது இது.

அந்தத் தேர்வு எதைச் சோதிக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வரலாறு தெரியுமா என்று சோதித்தால், கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது அதில் நுழையவே கூடாது. எழுத்துப்பிழைத் தேர்வென்றால், அன்றைக்கு அவன் கணினியிலும் பிழைதிருத்தியை அணைத்துவிட வேண்டும், அதையும் நானே சொல்வேன்.

கூடுதல் நேரம் சலுகை என்று தோன்றுகிறது, இல்லையா? ஒரே ஒரு பொத்தானை மட்டும் அழுத்த முடிகிற பிள்ளை எப்படித் தட்டச்சு செய்கிறது தெரியுமா? திரையில் எழுத்துக் கட்டங்கள், வரிசை வரிசையாக வெளிச்சம் நகரும், வேண்டிய வரிசை வந்ததும் ஒரு அழுத்து, பிறகு அந்த வரிசைக்குள் ஒவ்வொரு கட்டமாக நகரும், வேண்டிய எழுத்தில் இன்னொரு அழுத்து. கட்டத்துக்கு ஒரு விநாடி வைத்தால்கூட ஒரு எழுத்துக்குச் சராசரி ஆறேழு விநாடி. "வணக்கம்" என்று அடிக்க, புள்ளியையும் சேர்த்து ஏழு தேர்வு, ஏறக்குறைய முக்கால் நிமிடம். ஒரு நொடி தாமதமாக அழுத்திவிட்டால் அடுத்த எழுத்து விழும், அழிப்பதற்கும் இதே சுற்று. சொல்லை முன்கூட்டியே ஊகித்துக் காட்டும் வசதி கொஞ்சம் மிச்சப்படுத்தும், ஆனால் அந்தப் பட்டியலைப் படிக்கவும் நேரம் போகும். வீட்டில் ஒருநாள் விடைத்தாளின் ஒரு பத்தியை இந்தக் கணக்கில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் மகளை. இரண்டாவது வரியில் எழுந்து போய்விடுவாள்.

பாவம் என்ற சொல்லையும் விட்டுவிடலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006லேயே சொல்லிவிட்டது, இப்படிப்பட்ட நியாயமான ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்று.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு நன்கொடையாகப் பல உதவிக் கருவிகள் வந்தன. ஒரு வருடமாக அலமாரியில்தான் இருக்கின்றன. யாரும் தொடுவதில்லை. பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லையோ?

பதில்: யாருக்கு எது வேண்டும் என்று கேட்டு வாங்கினார்களா? 1993இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் மாற்றுத்திறனாளிகள் 227 பேரிடம் கேட்டார்கள், அவர்கள் வாங்கிய கருவிகளில் 29 சதவீதத்துக்கு மேல் கைவிடப்பட்டிருந்தன. காரணங்களில் ஒன்று, தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்துகிறவரின் கருத்தை யாரும் கேட்கவில்லை. முப்பது வருடம் ஆகியும் உங்கள் அலமாரி அதையேதான் சொல்கிறது. ஜாய் சபாலா என்ற அமெரிக்க நிபுணர் ஒரு வரிசை சொல்லிக் கொடுத்தார், முதலில் மாணவர், பிறகு சூழல், பிறகு அவர் செய்ய வேண்டிய வேலை, கருவி கடைசியில். நாம் கருவியில் ஆரம்பித்து மாணவரைத் தேடுகிறோம்.

இப்போதைக்கு அலமாரிச் சாவியை உங்கள் மேசையிலிருந்து எடுத்துச் சிறப்பாசிரியரிடம் கொடுங்கள். உடைந்துவிடும் என்று பயந்து பூட்டி வைத்தது எத்தனை என்று எனக்குத் தெரியும், நானும் பூட்டியிருக்கிறேன். அப்புறம் எல்லாக் கருவியும் வேண்டாம், ஒரு பிள்ளை, ஒரு கருவி, ஒரு பாடம், ஒரு மாதம். சார்ஜ் போடுவது யார் என்பதை மட்டும் பேர் போட்டு எழுதி வையுங்கள். பாதிக் கருவி சார்ஜ் இல்லாமல்தான் சாகிறது.

கேள்வி: மிஸ், நான் பதினோராம் வகுப்பு. பார்வை இல்லை. லேப்டாப்பில் திரைவாசிப்பான் வைத்துத்தான் படிக்கிறேன். இயர்ஃபோன் போட்டால் டீச்சர் பேசுவது கேட்பதில்லை, போடாவிட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. படத்தை விவரித்துச் சொல்லும் ஏஐ செயலிகளை நம்பலாமா என்றும் சொல்லுங்கள்.

பதில்: ஒரு காதில் மட்டும் போடு கண்ணா, டீச்சர் பக்கம் இருக்கிற காது சும்மா இருக்கட்டும். காதை அடைக்காமல் கன்ன எலும்பு வழியாக ஒலி அனுப்பும் ஹெட்ஃபோனும் இருக்கிறது, பலருக்கு அது சௌகரியம். டீச்சர் பேசும்போது திரைவாசிப்பானின் வாயை அடைக்கக் கன்ட்ரோல் விசையைத் தட்டினால் போதும் என்பது உனக்கே தெரிந்திருக்கும்.

ஏஐ செயலியைப் படத்தில் யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வைத்துக்கொள், நன்றாகவே சொல்லும். வரைபடம், அட்டவணை, எண் என்று வந்தால் நம்பாதே. இல்லாத எண்ணைக்கூடத் துளித் தயக்கமில்லாமல் சொல்லும், குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பாடப் படமென்றால் தொட்டுணரும் படமாகக் கேள், புடைப்புத்தாளில் அச்சடித்துத் தருவார்கள், அது இல்லையென்றால் விவரிப்பை ஆசிரியரிடமிருந்தே கேட்டு வாங்கு.

வகுப்பு திரும்பிப் பார்க்கிறது என்றாயே, ஒருநாள் ஸ்பீக்கரில் நீ வழக்கமாகக் கேட்கும் வேகத்திலேயே ஒரு பக்கத்தை ஓட விட்டு, என்ன சொன்னது என்று அவர்களைக் கேட்டுப் பார். ஒருத்தருக்கும் ஒரு சொல்கூடப் பிடிபடாது. வேகத்தை எவ்வளவில் வைத்திருக்கிறாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது, என் பழைய மாணவன் ஒருவனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.